விந்தணுச் சவ்வு பிரிக்க நைட்ரஜன் பாம்: வாங்கலாமா?

புதிதாக ஆய்வகம் தொடங்கும் தோழி கேட்டாள்: "மனித விந்தணுச் சவ்வைப் பிரிக்க சோனிகேட்டர் போதுமா, நைட்ரஜன் பாம் வாங்கணுமா?" சோனிகேட்டர் என்பது ஒலியலையால் செல்லை உடைக்கும் கருவி. பாம் என்பது மாதிரியை வைத்து நைட்ரஜன் வாயுவை உயர் அழுத்தத்தில் அடைக்கும் உலோகக் கலம். எங்கள் பாமுக்கு வால்வு மாற்றிய கையோடு இதை எழுதுகிறேன். கோபம் இன்னும் தணியவில்லை. இருந்தாலும் நியாயமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

சோனிகேட்டரில் மாதிரி சூடேறும், வால் கழுத்தோடு ஒடியும், வெளிச்சவ்வும் மைட்டோகாண்ட்ரியச் சவ்வும் ஒன்றாகக் கலந்துவிடும். பாமில் அப்படியில்லை. பனிக்கட்டியில் வைத்து, நைட்ரஜனை அடைத்து சுமார் 600 பிஎஸ்ஐ (வளிமண்டலத்தைப் போல சுமார் 40 மடங்கு) அழுத்தத்தில் 10 நிமிடம் விட்டு வால்வைத் திறந்தால், கரைந்திருந்த வாயு குமிழாகப் பொங்கும். சவ்வு கழல்வது அந்த நொடியில்தான். வாயு விரிவதால் சூடும் ஏறாது. விந்தணுச் சவ்வில் டிஎச்ஏ கொழுப்பு அமிலம் அதிகம், ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். நைட்ரஜனுக்குள் அந்தக் கவலை இல்லை. பிறகு நுண்ணோக்கியில் பார்த்தால் தலைகள் உடையாமல் கிடக்கும். அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால் தலையின் நுனியில் தொப்பிபோல் இருக்கும் அக்ரோசோமின் சவ்வும் சேர்ந்து வந்துவிடும், அதில் மட்டும் கவனம் வேண்டும். உடையாத தலைகளின் அந்தக் காட்சி, எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிக்கவில்லை.

ஆனால் அந்த வால்வு! சொட்டுச் சொட்டாகத் திறக்க வேண்டும். எவ்வளவு நிதானமாகத் திருப்பினாலும் கடைசியில் மிச்சமிருப்பது நுரையாகச் சீறும். நுரையில் புரதம் கெடும். மனித மாதிரி தெறிப்பது ஆபத்து என்பதால் எல்லாமே பாதுகாப்பு கேபினெட்டுக்குள்தான். பன்றி விந்து என்றால் ஒரே தடவையில் 200 மில்லி கிடைக்கும், கொஞ்சம் போனால் போகட்டும். மனிதரில் உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேடு சொல்லும் கீழ்வரம்பே 1.4 மில்லி, 3.9 கோடி விந்தணு. அதிலும் ஒரு பகுதி சிலிக்கா துகள் கரைசலின் அடுக்குகள் வழியே சுழற்றிச் சுத்தம் செய்யும்போதே போய்விடும். பல கொடையாளர்களின் மாதிரியைச் சேர்த்து பாமில் இட்டு, கழன்ற சவ்வை 1,00,000 ஜி-யில் (புவியீர்ப்பைப் போல அத்தனை மடங்கு விசையில்) ஒரு மணி நேரம் சுழற்றினால் குழாயின் அடியில் கண்ணாடிபோல் ஒரு படலம் தெரியும். ஒரு மில்லி நுரையில் போனால் ஒருவர் கொடுத்தது முழுக்கப் போனதாக அர்த்தம். வால்வு தேயத் தேய இந்தச் சீறல் கூடிக்கொண்டே வந்தது. உதிரி பாகம் வெளிநாட்டிலிருந்து வரும்வரை வேலை மொத்தமும் நின்றது.

இன்னொன்று, மாதிரியில் வெள்ளையணு இருந்தால் பாம் அதையும் உடைத்து அதே படலத்தில் சேர்த்துவிடும். ஒரு வெள்ளையணுவின் சவ்வு பல விந்தணுக்களின் சவ்வுக்குச் சமம். வெள்ளையணுவின் மேலுள்ள சிடி45 புரதத்தைப் பிடிக்கும் காந்த மணிகளால் அதை முதலிலேயே எடுத்துவிடு. இதை விட்டுவிட்டு எந்தக் கருவி வாங்கியும் பயனில்லை.

சோனிகேட்டர் வேண்டவே வேண்டாம். ஆனால் பாமும் இப்போது வாங்காதே. கால்நடை இனப்பெருக்க ஆய்வகங்களில் விசாரி, ஒன்று இருந்தால் அங்கேயே போய்ப் பயன்படுத்து. வாங்கியே தீருவேன் என்றால் இருப்பதில் சின்னக் கொள்ளளவாகப் பார். ஓ-ரிங்கையும் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) உபரி வால்வையும் முதல் ஆர்டரிலேயே எழுதிவிடு.