ஸ்வெட்டரோடு ஏறாதீர்கள்: தைராய்டு வீட்டுக்கு எந்த எடை மிஷின், எந்தத் தராசு?

தைராய்டு குறைவாகச் சுரப்பதால் மட்டும் ஏறும் எடை பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து கிலோ வரைதான். அதிலும் பெரும்பங்கு கொழுப்பு அல்ல, உடம்பில் தங்கிவிடும் உப்பும் நீரும். மாத்திரை அளவு சரிப்பட்டால் முதலில் இறங்குவதும் அந்த நீர்தான். ஆக, மிஷினில் நாம் தேடுகிற மாற்றமே இரண்டு மூன்று கிலோ. டிசம்பர் காலையில் ஊட்டியில் ஒருவர் மேல் இருக்கும் ஸ்வெட்டர், சால்வை, குல்லா, கம்பளி சாக்ஸ் எல்லாம் சேர்ந்தால் ஒன்றரை கிலோ தாராளமாக வரும். ஏப்ரலில் பருத்தி நைட்டியோடு ஏறிய எண்ணையும் டிசம்பரில் சால்வையோடு ஏறிய எண்ணையும் பக்கத்தில் வைத்து ‘மாத்திரை கேட்கவே மாட்டேங்குது’ என்று முடிவு கட்டுவதற்கு முன், சால்வையைத் தனியாக நிறுத்துப் பாருங்கள்.

கடையில் கிடைக்கும் எடை மிஷின்கள் மூன்று வகை. முள் சுற்றும் ஸ்பிரிங் மிஷினைத் தைராய்டுக்காக வாங்க வேண்டாம். பேட்டரி தேவையில்லை என்பது ஒன்றே அதன் பெருமை. ஒரு கோடு ஒரு கிலோ, முள் பூஜ்யத்தில் நிற்பது நம் பார்வைக் கோணத்தைப் பொறுத்தது. அரை கிலோ மாற்றம் அதில் தெரியாது.

இரண்டாவது வகை கண்ணாடித் தட்டு டிஜிட்டல் மிஷின். அறுநூறிலிருந்து ஆயிரம் ரூபாய்க்குள் கிடைப்பதே போதும். வாங்கும்போது பெட்டியில் பார்க்க வேண்டியவை: நான்கு காலிலும் சென்சார், 100 கிராம் பிரிவு, ஏறி மிதித்தாலே ஆன் ஆகும் வசதி. பேட்டரி ‘ஏஏஏ’ வகையாக இருந்தால் நல்லது. மஞ்சூர், எமரால்டு போன்ற நீலகிரிச் சிற்றூர்களிலும் பெட்டிக்கடையிலேயே அது கிடைத்துவிடும். சிஆர்2032 என்ற வட்ட பேட்டரிக்கு வாட்ச் கடை தேட வேண்டும். வட்ட பேட்டரிக்கு இன்னொரு குறையும் உண்டு: குளிரில் அதன் வோல்டேஜ் சரியும். உறைபனி விழும் ஜனவரி காலையில் ‘லோ’ என்று காட்டும் அதே பேட்டரி மத்தியானம் ஒழுங்காக வேலை செய்யும். தூக்கிப் போடுவதற்கு முன் அறைக்குள் அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள்.

மலை வீட்டில் இந்த மிஷின் பொய் சொல்வதற்கு முதல் காரணம் தரை. எடையைத் தாங்குவது நான்கு சின்னக் கால்கள். ஒரு கால் அந்தரத்தில் நின்றாலோ, கண்ணாடியின் அடிப்பாகம் தரை மேட்டில் உரசினாலோ, எடையில் ஒரு பங்கு சென்சாருக்குப் போகாமல் நேராகத் தரைக்குப் போய்விடும். ஒரு கிலோ, இரண்டு கிலோ குறைவாகக் காட்டும். தேயிலைத் தோட்ட லயன் வீடுகளின் பழைய சிமெண்ட் தரை, பங்களாக்களின் பலகைத் தரை, குளிருக்காக விரித்த கார்பெட், மூன்றும் இதற்கு ஆகாது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கடப்பா கல் ஒன்று வாங்கி மூலையில் நிரந்தரமாகப் போட்டு, ஆடுகிற மூலைக்குக் கீழே மடித்த அட்டை கொடுத்துவிட்டால் தீர்ந்தது. மிஷினை அங்கிருந்து நகர்த்தக் கூடாது. நகர்த்தினால் முதல் தடவை ஏறும் எண்ணை விட்டுவிடுங்கள், அந்தத் தடவை மிஷின் தன் பூஜ்யத்தைத் தேடிக்கொண்டிருக்கும். இறங்கி, திரை அணைந்த பிறகு மறுபடி ஏறுங்கள்.

குளியலறையில் வைப்பது அடுத்த தப்பு. கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சுவரே வியர்க்கும். பேட்டரி முனைகளில் பச்சை பூக்கும், எண்கள் குதிக்கும். பூத்துவிட்டால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து நன்றாகக் காயவிட்டுப் போடலாம். அடியில் கிலோ, பவுண்டு மாற்றும் பொத்தான் இருக்கும். தூக்கும்போது கை பட்டு 60 கிலோ ஆள் 132 ஆகிவிடுவார். மிஷின் கெட்டுவிட்டதாகத் திருப்பி அனுப்புவதற்கு முன் அதைப் பாருங்கள்.

வாங்கிய மிஷின் சரியா என்று பார்க்க வீட்டிலேயே ஒரு படிக்கல் உண்டு: சீல் உடைக்காத கேஸ் சிலிண்டர். கைப்பிடி வளையத்தில் காலி எடை எழுதியிருக்கும். அதோடு 14.2 கிலோ கூட்டினால் வருவது முழு எடை. காலி எடை 15.6 என்றால் மிஷின் 29.8 காட்ட வேண்டும். சிலிண்டரின் அடிவளையம் நேராகக் கண்ணாடியில் உட்காரக் கூடாது, விரிசல் விடும். ஒரு பலகையைப் போட்டு, பலகையின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். பலகை மட்டும் வைத்தால் பல மிஷின்கள் எதுவும் காட்டா, ஐந்து கிலோவுக்குக் கீழே அவை கண்டுகொள்வதில்லை. அதனால் ஆள் ஏறி ஒரு தடவை, பலகையைக் கையில் பிடித்து ஏறி ஒரு தடவை என்று வித்தியாசம் எடுங்கள். இருநூறு கிராம் வரை முன்பின் இருந்தால் மன்னிக்கலாம். எப்போதும் அதே இருநூறு கிராம் தப்பு காட்டும் மிஷின், நாளுக்கொரு எண் சொல்லும் மிஷினைவிட மேல். நமக்கு வேண்டியது வித்தியாசம்தான்.

போகிற போக்கில் ஒன்று: 2,240 மீட்டர் உயரத்தில் புவியீர்ப்பு ஒரு துளி குறைவு. சமவெளியில் சரிபார்த்த மிஷின் ஊட்டியில் 60 கிலோவுக்கு முப்பது நாற்பது கிராம் குறைத்துக் காட்ட வேண்டும். மலை ஏறியதற்கு இலவசமாகக் கிடைப்பது அவ்வளவே. 100 கிராம் பிரிவு மிஷினில் அதுவும் தெரியாது.

காலை வரிசை முக்கியம். எழுந்ததும் கழிவறை, பிறகு மிஷின், பிறகு மாத்திரை, டீ கடைசியில். மாத்திரைக்குப் பிறகு ஏறினால் ஒரு டம்ளர் தண்ணீர் 200 கிராம் கூடவே ஏறும். மாத்திரைக்கும் பால் டீக்கும் நடுவே முப்பது நிமிடம் முதல் ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். குளிரில் இதுதான் கஷ்டம், கை தானாக டம்ளருக்குப் போகும். அந்த இடைவெளியில் வெந்நீர் குடிக்கலாம். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகள் நான்கு மணி நேரம் தள்ளி. இவையெல்லாம் தைராய்டு மாத்திரை குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். அப்புறம் எடை இறங்கவில்லை என்று மிஷினை நொந்து பயனில்லை.

வாரத்தில் ஒரே கிழமை, ஒரே உடுப்பு, ஒரு தடவை போதும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் ஒன்று, ஒன்றரை கிலோ நீர் கூடி இறங்கும். தைராய்டு குறைவில் மலச்சிக்கலும் சாதாரணம், அதுவும் எடைதான். தினமும் ஏறி இறங்கினால் இந்த ஆட்டத்தைப் பார்த்துப் பதறுவதே மிஞ்சும். மாத்திரை அளவு மாறிய ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனை எடுப்பது வழக்கம். அதற்குள் ஆறு முதல் எட்டு எண்கள் நோட்டில் சேர்ந்திருக்கும். அந்தத் தாளை ரத்த ரிப்போர்ட்டோடு மருத்துவரிடம் நீட்டுங்கள். சுரப்பி முழுக்க ஓய்ந்தவருக்கு மாத்திரை அளவு கணக்கிடுவதே எடையை வைத்துத்தான், கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம் என்று. அதனால் நோட்டில் சால்வை கலக்கக் கூடாது.

சில எண்களுக்கு மட்டும் அடுத்த சோதனை வரை காத்திருக்கக் கூடாது. மூன்று நான்கு நாளில் இரண்டு கிலோ ஏறி, கால் வீங்கி, மேட்டில் ஏறும்போது வழக்கத்துக்கு மேல் மூச்சு வாங்கினால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். எடை வேகமாக இறங்குகிறது, கூடவே படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை என்றால் மகிழ வேண்டாம், மாத்திரை அளவு கூடிப்போயிருக்கலாம். எடை குறையட்டும் என்று தானாக மாத்திரையைக் கூட்டுவது இதயத் துடிப்பின் தாளத்தைக் கெடுக்கும், எலும்பை அரிக்கும்.

மூன்றாவது வகை, கொழுப்பு சதவீதம் காட்டும் புளூடூத் மிஷின். விலை இரண்டு மடங்கு, பயன் பாதி. பாதத்தின் வழியாகச் சிறு மின்னோட்டம் விட்டு, அது எவ்வளவு தடைபடுகிறது என்பதிலிருந்து கொழுப்பைக் கணக்குப் போடுகிறது. உடம்பில் நீர் எவ்வளவு என்பதை வைத்துத்தான் அந்தக் கணக்கு. தைராய்டில் முதலில் மாறுவதே நீர். மலைக்குளிரில் பாதம் வறண்டு, குதிகால் வெடித்திருந்தால் தடை இன்னும் கூடும். காலையில் ஒரு சதவீதம், வெந்நீரில் கால் கழுவியபின் இன்னொரு சதவீதம். ஆப்பில் வரும் ‘பிஎம்ஆர்’ (சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் கலோரி), ‘உடல் வயது’ இரண்டையும் அது அளப்பதே இல்லை. நாம் கொடுத்த உயரம், வயது ஆகியவற்றோடு எடையையும் சேர்த்துச் சூத்திரத்தில் போட்டு எடுத்த விடை அது. நம் தைராய்டு எப்படி வேலை செய்கிறது என்பது அந்தச் சூத்திரத்துக்குத் தெரியாது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதில் ஏறவே கூடாது, கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? எடையை மட்டும் குறித்துக்கொண்டு மற்ற எண்களை விட்டுவிடுங்கள்.

மிச்சமாகும் பணத்தில் எஸ்எஃப்-400 என்ற வெள்ளை பிளாஸ்டிக் சமையல் தராசு வாங்குவதே புத்திசாலித்தனம். முந்நூறு ரூபாய் சொச்சம், இரண்டு ‘ஏஏ’ பேட்டரி, ஒரு கிராம் பிரிவு. தைராய்டு போக மிச்ச எடைக்குக் காரணம் சமையலறையில்தான் இருக்கிறது, அதைக் காட்டுவது இந்தத் தராசுதான்.

முதலில் சர்க்கரையை நிறுங்கள். ஒரு டீஸ்பூன் என்று புத்தகம் சொல்வது வழித்த ஐந்து கிராம். நம் வீட்டு ஸ்பூன் குவித்து எடுத்தால் ஏழு எட்டு. குளிர் ஊரில் நாளைக்கு ஐந்து டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 75 கிராம் சர்க்கரை, 300 கலோரி. 60 கிலோ ஆள் சமதரையில் அரை மணி நேரம் நடந்தால் கரைவது சுமார் 100. ஐந்து டீயையும் விட வேண்டாம். டம்ளரைத் தராசில் வைத்து, ஸீரோ செய்து, ஐந்து கிராம் வரும்வரை போட்டுப் பாருங்கள். அந்த அளவுக்கேற்ற சின்ன ஸ்பூனை டப்பாவிலேயே போட்டுவிட்டால் அப்புறம் தராசு வேண்டாம்.

டீயோடு கடிக்கும் வர்க்கி பிஸ்கட் எடை குறைவு, அதனால் ஏமாற்றும். மைதாவும் கொழுப்புமாக அடுக்கடுக்காகச் செய்தது, தண்ணீரே இல்லை. கிராமுக்கு நாலரை கலோரி என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். டீயோடு கை போகிற அளவை ஒரு தடவை நிறுத்துப் பார்த்தால் போதும். பட்டர் ஃப்ரூட் நல்ல உணவுதான், ஆனால் சதை 100 கிராமுக்கு 160 கலோரி. மலையில் விளையும் பெரிய பழத்தில் 250 கிராம் சதை இருக்கும், அது ஒரு சாப்பாட்டுக்குச் சமம். பாலும் சர்க்கரையும் சேர்த்து ஜூஸ் அடித்தால் சாப்பாட்டுக்கும் மேலே.

ராகிக்குக் கலோரியே இல்லை என்பதுபோல் ஒரு நம்பிக்கை இருக்கிறது. மாவாக நிறுத்தால் அதுவும் அரிசியும் ஏறக்குறைய ஒன்றே. நார்ச்சத்தும் கால்சியமும் ராகியில் அதிகம், பசி தாங்கும், அதற்காகச் சாப்பிடலாம். களிக்கு ஆளுக்கு 60 கிராம் மாவு என்று நிறுத்துப் போட்டு, பக்கத்தில் அவரைக்கொட்டைக் குழம்பு தாராளமாக இருந்தால் மத்தியானச் சாப்பாடு முடிந்தது. கால்சியம் உள்ளதால் ராகிக் கஞ்சியைக் காலை மாத்திரையோடு ஒட்டிக் குடிக்க வேண்டாம்.

முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், நூல்கோல், டர்னிப், முள்ளங்கி எல்லாம் தைராய்டைக் கெடுக்கும் என்ற பயத்தையும் தராசே தீர்க்கும். இவை விளைகிற மலையில் இருந்துகொண்டு இவற்றை ஒதுக்குவது வீண். அயோடின் போதுமான அளவு சேரும் உடம்புக்கு, வேகவைத்த பொரியல் 150, 200 கிராம் ஒன்றும் செய்யாது. 100 கிராம் கோஸில் இருப்பது இருபத்தைந்து கலோரிதான். தினம் பச்சையாக ஜூஸ் அடித்துக் குடிப்பதைத்தான் தவிர்க்க வேண்டும்.

உப்பு ஆளுக்கு நாளைக்கு ஐந்து கிராமுக்குள். நான்கு பேர் வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் ஐம்பது நாள் வர வேண்டும். பிரித்த தேதியைப் பாக்கெட்டிலேயே எழுதுங்கள். முப்பது நாளில் தீர்ந்தால், உடம்பில் நிற்கும் நீருக்குத் தைராய்டை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அயோடின் உப்பைத் திறந்த ஜாடியில், அடுப்புப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஈரத்திலும் சூட்டிலும் அயோடின் குறையும்.

எஸ்எஃப்-400க்கும் குறைகள் உண்டு. அகலப் பாத்திரம் வைத்தால் திரை மறைந்துவிடும், சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் பாத்திரத்தை வைக்கலாம். சிறிது நேரம் தொடாமல் விட்டால் தானே அணைந்து, ஸீரோ செய்ததையும் மறந்துவிடும். தண்ணீர் பட்டால் போயிற்று, ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. சரிபார்க்க பத்து ரூபாய் நாணயம் பத்து போதும், 77 கிராம் காட்ட வேண்டும். பெரிய குறை இன்னொன்று: ஸீரோ செய்த உடனே சர்க்கரையையோ உப்பையோ துளித்துளியாகத் தூவினால், அந்தச் சின்ன ஏற்றத்தைத் தன் பிழை என்று நினைத்து மறுபடி பூஜ்யமாக்கிக்கொள்ளும். மூன்று கிராம் போட்ட பிறகும் பூஜ்யமே நிற்கும். அளவெடுக்கும்போது ஒரே வீச்சில் போடுங்கள், அல்லது டப்பாவையே தராசில் வைத்து ஸீரோ செய்துவிட்டு அதிலிருந்து எடுங்கள். எடுத்த அளவு மைனஸ் குறியோடு திரையில் வரும்.