பட்ஜி குஞ்சு எடுக்க: ஒரே கூண்டில் எல்லா ஜோடியுமா, ஜோடிக்கு ஒரு கூண்டா?

நாலைந்து ஜோடி பட்ஜி (வீட்டில் வளர்க்கும் சிறு கிளி) சேர்ந்துவிட்டாலே இந்தக் கேள்வி வந்துவிடும். பெரிய கூண்டில் எல்லாவற்றையும் விட்டுக் கூடு பெட்டிகளை மாட்டுவதா, ஜோடி ஜோடியாகப் பிரிப்பதா?

கூட்டமாக விடுவதற்குச் சாதகமான விஷயம் உண்டு. ஆஸ்திரேலியாவில், சொந்த மண்ணில், இவை கூட்டமாகத்தான் மரப்பொந்துகளில் முட்டையிடுகின்றன. மற்ற பட்ஜிகளின் சத்தமே முட்டையிடத் தூண்டும். துணையையும் ஒவ்வொன்றும் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். ஆனால் காட்டில் அடி வாங்கிய பறவை பறந்து தப்பிக்கும். கூண்டில் எங்கே போகும்?

சண்டைக்குக் காரணம் பெட்டி. பெட்டிக்காக முட்டிக்கொள்வது பெரும்பாலும் பெண்கள்தான். அடுத்தவள் பெட்டிக்குள் புகுந்து முட்டையை உடைப்பது, குஞ்சைக் கொல்வது எல்லாம் நடக்கும். கூட்டமாகத்தான் விடுவேன் என்றால் ஜோடிக்கு இரண்டு பெட்டி வையுங்கள். எல்லாம் ஒரே உயரத்தில் இருக்கட்டும், உயரமான பெட்டிக்குத்தான் அடிதடி. துணையில்லாத பெண் ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது.

தனிக் கூண்டில் இந்தத் தொல்லை இல்லை. எந்தக் குஞ்சு யாருடையது என்ற குழப்பமும் இல்லை. என் ஓட்டு இதற்கே. கூண்டுகளை ஒன்றின் சத்தம் மற்றொன்றுக்குக் கேட்கும்படி வைத்தால் போதும்.

ஆனால் இங்கே சண்டை ஜோடிக்குள்ளேயே வரும். நாம் பார்த்து வைத்த சம்பந்தம்தானே! பெண்ணின் மூக்குச் சதை (அலகுக்கு மேலே உள்ள சதை) நன்றாகப் பழுப்பேறாத நிலையில் ஆணை உள்ளே விட்டால், உதை வாங்குவது அவன்தான். நடுவில் கம்பித் தடுப்புப் போட்டு வையுங்கள். அவன் தலையை ஆட்டி ஆட்டி, தின்றதைக் கக்கிக் கம்பி வழியே ஊட்ட, அவளும் வாங்கிக்கொண்டால் தடுப்பை எடுக்கலாம்.

பெட்டி வாசலில் நின்று அவனைக் கொத்தி விரட்டுவது சகஜம், பதற வேண்டாம். கால்விரலில் ரத்தம், தீனிக் கிண்ணத்துக்கே விடாமல் துரத்தல், ஆண் தரையில் ஒடுங்கிக் கிடத்தல், இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் அன்றே பிரித்துவிடுங்கள்.

எப்படிப் பிரிப்பது? முட்டை இல்லையென்றால் யோசிக்கவே வேண்டாம், பெட்டியைக் கழற்றிவிட்டு ஆணை வேறு கூண்டுக்கு மாற்றலாம். முட்டை வந்த பிறகு கணக்கு வேறு. ஒருநாள் விட்டு ஒருநாளாக 4 முதல் 6 முட்டை, ஒவ்வொன்றுக்கும் சுமார் 18 நாள் அடை. அத்தனை நாளும் அவளுக்கு இரை கொடுப்பவன் அவன்தான். அவனை எடுத்துவிட்டால் தினையும் தண்ணீரும் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். நாலைந்து குஞ்சு பொரித்தால் அவள் ஒருத்தியால் சமாளிப்பது கஷ்டம். ஒன்றிரண்டை அதே வயதுக் குஞ்சுகள் உள்ள வேறு ஜோடியின் பெட்டிக்கு மாற்றலாம்.

இறகு முளைத்த குஞ்சின் பிடரி வழுக்கையாகத் தெரிந்தால், பெரும்பாலும் தாய் அடுத்த ஈட்டுக்கு, அதாவது அடுத்த முறை முட்டையிட, அவசரப்பட்டு இறகைப் பிடுங்குகிறாள் என்று அர்த்தம். இங்கே கம்பித் தடுப்புக்கு நிகர் வேறில்லை. பெட்டியை விட்டு வெளியே வந்த குஞ்சுகளைத் தகப்பனோடு ஒரு பக்கம் விடுங்கள், அவளை மறுபக்கம். தாமாகத் தினையை உடைத்துத் தின்னும்வரை அவனே ஊட்டி ஆளாக்கிவிடுவான்.

இரண்டு ஈடு முடிந்ததும் பெட்டியைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் பெரிய கூண்டில் ஒன்றாக விடலாம். பெட்டி இல்லாத இடத்தில் சண்டை பெரிதாக வராது.