நாவற்குடாவில் ஒரு வீட்டு வளர்ப்பாளரிடம் வாங்கிய பொமரேனியன் குட்டி: ஒரு மதிப்பீடு

மட்டக்களப்பில் பொமரேனியன், சிட்சூ, சிவாவா போன்ற சிற்றின நாய்க்குட்டிகள் இப்போது கேட்ட இடமெல்லாம் கிடைக்கின்றன. குட்டியின் தாயைக் கண்முன் காட்டி, பிறந்த நாள் முதல் குட்டி வளர்ந்த கணக்கையும் கையில் தந்து விற்பவர்கள்தான் அரிது. நாவற்குடாவில் தமது வீட்டிலேயே பொமரேனியன் வளர்க்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அப்படிப்பட்டவர். அவருக்கு விளம்பரப் பலகையும் இல்லை, முகநூல் பக்கமும் இல்லை. பெயரைப் பொதுவில் போடவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். ஆகவே, அயலார் அழைக்கும் பெயரால் ரீச்சர் என்றே குறிப்பிடுகிறேன். அவரிடம் ஒரு பெட்டைக்குட்டி வாங்கினோம். நகரத்துக் கடைகளில் எங்களுக்குச் சொல்லப்பட்ட விலையைவிட ஏறத்தாழ அரைப்பங்கு கூடுதலாகக் கொடுத்தோம். அந்தக் கூடுதல் பணத்துக்கு என்ன கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதைக் கீழே எழுதுகிறேன்.

கடைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நாங்கள் போன ஒரு கடையில் மூன்று இனக் குட்டிகள் ஒரே கூட்டில் கிடந்தன. தாயைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, "தாய் கொழும்பில நிக்கிது அண்ணன், குட்டி மட்டும்தான் இஞ்ச வரும்" என்றார் விற்பனையாளர். ஒரு கிலோகூட நிறையில்லாத குட்டி, 300 கிலோமீற்றருக்கு மேல் இரவு பஸ்ஸில் வெறும் வயிற்றோடு வந்திறங்கினால், அதன் ஈரலில் சேமிப்பாக இருக்கும் சிறிதளவு சர்க்கரையும் வழியிலேயே தீர்ந்துவிடக்கூடும். அதற்குப் பிறகு தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு என்று போய் உயிரே பிரியலாம். பல இடத்துக் குட்டிகளை ஒன்றாக அடைக்கும் கூட்டில், வாந்தியும் இரத்தபேதியுமாய்க் குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் புகுந்துவிட்டாலோ, அது தரையிலும் சாமான்களிலும் மாதக்கணக்கில் தங்கி, அடுத்தடுத்து வரும் குட்டிகளையும் பிடிக்கும்.

ரீச்சர் வீட்டில் செருப்பைக் கேற்றுக்கு வெளியே கழற்றவைத்தார். சவர்க்காரம் போட்டுக் கை கழுவிய பின்னரே உள்ளே விட்டார். பார்வோ செருப்படியிலும் வரும் என்பது தெரிந்தவர்களுக்கு இது கெடுபிடியாகத் தோன்றாது. குட்டிகளைப் பார்க்கும் ஆவலில் நாங்கள் அறைக்குள் எட்டிப் பார்த்தபோது, "முதல்ல தாயப் பாருங்க மகன், குட்டி எங்கயும் ஓடாது" என்று மறித்துவிட்டார். தாய்நாய் விறாந்தைக்கு வந்து எங்களை முகர்ந்து, மடியில் ஏறி இருந்து, சிறிது நேரத்தில் தானாகவே குட்டிகளிடம் திரும்பிப் போனது. பயந்து ஒளிக்கும் தாயிடமும் கடிக்க வரும் தாயிடமும் வளரும் குட்டிகள் அந்தச் சுபாவத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும் என்பதால், இந்தச் சில நிமிடங்கள் குட்டியைத் தூக்கிப் பார்ப்பதைவிடப் பயனுள்ளவை.

தாய்க்கு வயது நான்கு. இது இரண்டாவது ஈற்று. இரண்டு வயது தாண்டும்வரை அதைச் சேர்க்கையில் விடவில்லை என்று ரீச்சர் சொன்னார். இன நாய்களைப் பதியும் பிரித்தானிய கெனல் கழகம் ஒரு பெட்டையின் 4 ஈற்றுகளுக்கு மேல் பொதுவாகப் பதிவதில்லை. இரண்டு தடவை சத்திரசிகிச்சையால் ஈன்ற பெட்டையின் அடுத்த ஈற்றையும் ஏற்பதில்லை. சிற்றினப் பெட்டைகளுக்கு இடுப்பெலும்பு ஒடுங்கியதாகவும் குட்டியின் தலை பெரிதாகவும் இருப்பதால் சத்திரசிகிச்சை வரை போவது அரிதல்ல. வாங்கப் போகிறவர்கள் இது எத்தனையாவது ஈற்று, எப்படி ஈன்றது என்று கேட்பதில் தவறேதுமில்லை. நேர்மையான வளர்ப்பாளர் அதற்கு முகம் சுளிக்கமாட்டார்.

என்னை மிகவும் கவர்ந்தது ஒரு சீ.ஆர். கொப்பி. கேக்குக்கு மா நிறுக்கும் சின்ன மின்தராசில் பிளாஸ்ரிக் கோப்பையை வைத்து, அதற்குள் குட்டியை இருத்தி, முதல் மூன்று கிழமையும் தினமும் காலையில் நிறுத்து எழுதியிருக்கிறார். எங்கள் குட்டிக்கு ஒதுக்கிய பக்கத்தில் பிறந்த அன்று 128 கிராம், மறுநாள் 124, அதன் பின் படிப்படியாக ஏறி, பத்தாம் நாளில் 250ஐத் தாண்டியிருந்தது. பிறந்த குட்டி முதல் நாளில் சற்று இறங்கிப் பிறகு தொடர்ந்து ஏறுவதும், பத்து நாளளவில் பிறந்த நிறையைப் போல இரண்டு மடங்காவதும் ஆரோக்கியத்தின் அடையாளம். அதே வரிசையில் பூச்சி மருந்து கொடுத்த திகதிகள் சிவப்பு மையில் இருந்தன: இரண்டு, நான்கு, ஆறு, எட்டுக் கிழமை. வட்டப்புழு தாயின் வயிற்றிலிருந்தும் பாலிலிருந்தும் குட்டிக்குத் தொற்றுவதால், தாய்க்கும் அதே நாட்களில் குளிசை கொடுத்திருக்கிறார். இந்தக் கொப்பி எந்தச் சான்றிதழைவிடவும் எனக்கு நம்பிக்கை தந்தது.

சான்றிதழும் இருந்தது. தாயும் தகப்பனும் இலங்கை கெனல் சங்கத்தில் பதியப்பட்டவை. ஆனால் வம்சாவளிப் பத்திரம் பெற்றோர் யார் என்பதற்குத்தான் அத்தாட்சி. முழங்காலும் இதயமும் நலமா என்பது அதில் எழுதப்பட்டிருக்காது. எங்கள் பகுதியில் பொமரேனியன் என்ற பெயரில் கைமாறும் வெள்ளை நாய்களில் பல, வளர்ந்ததும் ஐந்து கிலோவைத் தாண்டிவிடும் ஸ்பிட்ஸ் வகையைச் சேர்ந்தவை. அவையும் நல்ல நாய்கள்தான். பொமரேனியன் விலைக்கு வாங்கும்போதுதான் வழக்கு வருகிறது. மறுபக்கம், "டீக்கப்" என்று சொல்லி உள்ளங்கையளவு குட்டிக்கு இரட்டிப்பு விலை கேட்பவர்களும் உண்டு. அப்படியொரு வகையைப் பெயர்பெற்ற கெனல் கழகம் எதுவும் அங்கீகரித்ததில்லை. நாங்கள் அங்கு இருந்தபோதே ஒருவர் தொலைபேசியில் ஈற்றில் மிகச் சிறிய குட்டியைத்தான் கேட்டார். அது இன்னும் நிறை ஏறவேண்டிய குட்டி, இப்போதைக்கு யாருக்கும் கொடுப்பதாக இல்லை என்று ரீச்சர் வைத்துவிட்டார்.

எட்டுக் கிழமை முடிந்ததும் எடுத்துப் போகலாம் என்று நினைத்திருந்தோம். பத்துக் கிழமைக்கு முன் தரமாட்டேன் என்றார். சிற்றினங்களுக்கு இது நியாயமான தாமதம். அதற்குள் குட்டி தானாகக் கோப்பையில் சாப்பிடப் பழகிவிடும், முதல் தடுப்பூசியும் தாயோடிருக்கும்போதே போட்டு முடிந்துவிடும். தடுப்பூசி அட்டையில் மருந்துக் குப்பியின் ஒட்டியும் மிருக வைத்தியரின் ஒப்பமும் முத்திரையும் இருந்தன. வெறும் திகதி மட்டும் எழுதிய அட்டையை எவரும் நம்பவேண்டாம். மூன்று நான்கு கிழமை இடைவெளியில் அடுத்த ஊசிகளை 16 கிழமை வயதுவரை தொடரவேண்டும்; வயலும் வெள்ளமும் உள்ள எங்கள் மாவட்டங்களில் எலிக்காய்ச்சலுக்கான பகுதி அதில் அடங்கியிருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது. நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசி தனி.

ஒப்படைத்து மூன்று நாளுக்குள் நாங்கள் விரும்பும் மிருக வைத்தியரிடம் காட்டலாம், பிறவிக் குறை ஏதும் கண்டால் குட்டியைத் திருப்பி எடுத்து முழுப் பணத்தையும் தருவேன் என்று ரீச்சர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். வைத்தியர் உச்சிக்குழியைத் தடவிப் பார்த்தார், மூடியிருந்தது. பல்முரசை விரலால் அழுத்தி விட்டார்; வெளிறிய இடம் உடனே இளஞ்சிவப்பானது. தொப்புளில் குடலிறக்கம் இல்லை. இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் கேட்கிறதா என்று நெடுநேரம் கேட்டார். பிறந்ததும் மூடவேண்டிய இரத்தக்குழாய் ஒன்று மூடாமல் நின்றுவிடும் குறை பொமரேனியன்களில் ஏனைய பல இனங்களைவிட அதிகம் காணப்படுவதே காரணம். கடைசியாகப் பின்காலை நீட்டி, முழங்கால் சில்லைப் பெருவிரலால் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தார். இடது சில்லு சற்று அசைந்தது, விலகவில்லை. இந்த வயதில் இதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல இயலாது, ஒரு வயதில் மறுபடி பார்ப்போம் என்றார். சில்லு விலகலை நான்கு படிகளாகப் பிரிப்பார்கள். முதற்படியோடு பல நாய்கள் வாழ்நாள் முழுவதும் நலமாக ஓடித்திரியும், மூன்றும் நான்கும் சத்திரசிகிச்சைக்குரியவை.

இந்த இடத்தில்தான் ரீச்சரிடம் எனக்குக் குறை உண்டு. குட்டியில் முழுமையாகக் கண்டுபிடிக்க முடியாததைப் பெற்றோரில் பரிசோதித்திருக்கவேண்டும். தாயின் முழங்காலை வைத்தியர் பார்த்து நன்றென்று சொன்னதாகக் கொப்பியில் ஒரு வரி இருக்கிறது. எழுத்து மூலமான அறிக்கை இல்லை. இதயப் பரிசோதனை செய்யப்படவேயில்லை. பேராதனை மிருக வைத்திய போதனா வைத்தியசாலை வரை நாயைக் கொண்டுபோவது சிரமம் என்பது புரிகிறது; ஆயினும் இந்த விலைக்கு விற்பவர் அதைச் செய்யத்தான் வேண்டும். கடுவன் நாய் கண்டியில் வேறொருவரிடம் நிற்கிறது. காணொளியும் பதிவுப் பத்திரமும் மட்டுமே பார்த்தோம். பணம் திருப்பும் வாக்குறுதியும் வாய்ச்சொல்லாகவே இருந்தது. நாங்கள் கேட்ட பிறகு ஒரு தாளில் எழுதி ஒப்பமிட்டார்.

இன்னொன்று: அமைதியான வீட்டில் வளர்ந்ததால், குட்டிக்கு மோட்டார் சைக்கிள் சத்தமும் சிறுபிள்ளைகளின் ஓட்டமும் புதிது. மூன்று கிழமையிலிருந்து பன்னிரண்டு பதினான்கு கிழமைவரை பழகும் சத்தங்களையும் ஆட்களையும்தான் நாய் இயல்பென்று ஏற்கும். அந்தக் காலத்தில் பெரும்பகுதி ரீச்சர் வீட்டிலேயே கழிந்துவிட்டது. மிச்சமிருந்த கிழமைகளில் கையில் தூக்கிக்கொண்டு கல்லடிப் பாலத்தடியிலும் சந்தைத் தெருவிலும் நின்று பழக்கினோம். இப்போது ஓரளவு தேறியிருக்கிறது.

குட்டியோடு அவர் கொடுத்தனுப்பியவை: இரண்டு கிழமைக்குப் போதுமான அதே உணவு, தாயின் வாசனையுள்ள துணித்துண்டு, நேர அட்டவணை. ஒரு நாளைக்கு நான்கு வேளையும் படுக்கைக்கு முன் சிறு கவளமும் கொடுக்கவேண்டும். சோர்ந்து தள்ளாடினால் உடனே முரசில் தேன் தடவிவிட்டு வைத்தியரிடம் ஓடவேண்டும். கழுத்துப்பட்டி போடக்கூடாது, நெஞ்சுப்பட்டிதான் என்றும் எழுதியிருந்தார். சிற்றினங்களின் மூச்சுக்குழாய் இலகுவில் நசிவது; இழுபட்டால் தாராக் கத்தலைப் போல ஓர் இருமல் தொடங்கும்.

சிட்சூ, பக் வேண்டுமென்பவர்களுக்கு ரீச்சர் உதவமாட்டார். சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் தட்டை மூக்கு நாய்கள் இங்கு படும் பாட்டைப் பார்த்தவர் என்பதால், அந்த இனங்களைத் தொடுவதில்லை என்கிறார். அடுத்த ஈற்றுக்கு ஏற்கெனவே ஆட்கள் காத்திருக்கிறார்கள். பெயர் கொடுக்கப் போகிறவர்களிடம் அவர் முதலில் கேட்பது பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்பதைத்தான்; காலை முதல் மாலை வரை வீடு பூட்டிக் கிடக்கும் என்று சொன்னால், முற்பணத்தோடு போனாலும் கொப்பியில் பெயரை எழுதமாட்டார்.