நெக்ஸானா, எக்ஸ்யூவியா: சாவி மாற்றி ஓட்டிய ஞாயிறு

ரெண்டுமே மின்சாரக் கார்கள். என்னிடம் டாடா நெக்ஸான் இவி, 40.5 கிலோவாட் ஹவர் பேட்டரி. அத்தானிடம் மஹிந்திரா எக்ஸ்யூவி 400, 39.4. போன ஞாயிறு திருநெல்வேலியிலிருந்து கயத்தாறு வரை சாவியை மாற்றிக்கொண்டோம்.

நின்ற இடத்திலிருந்து மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தொட நெக்ஸானுக்கு 8.9 விநாடி, எக்ஸ்யூவிக்கு 8.3 என்று கம்பெனிகள் சொல்கின்றன. அரை விநாடிதானே என்று நினைத்தேன். ஆனால் டார்க், அதாவது மோட்டாரின் சுழற்றும் விசை, எக்ஸ்யூவியில் 310 நியூட்டன் மீட்டர், நெக்ஸானில் 215. அது காலுக்குத் தெரிகிறது. பைபாஸ் ஏறியதும் எக்ஸ்யூவியை அதன் வேகமான ‘ஃபியர்லெஸ்’ மோடில் ஒரு மிதி மிதித்தேன். பின்சீட்டில் அக்கா மடியிலிருந்த அல்வாப் பொட்டலம் அவள் வயிற்றில் போய் இடித்தது. “ஏலே, மெதுவாப் போ!” லாரியை முந்தும்போதும் அப்படித்தான்: 60-இல் போய்க்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்ப்பதற்குள் 90.

நெக்ஸான் ஸ்போர்ட் மோடில்கூட இப்படி முதுகில் அறையாது. வேகத்தை அளந்து ஊற்றும். முன்சக்கர இழுவை வண்டிக்கு, அதிலும் மழை ஈரத்தில், எனக்கு அந்த அளவுதான் பிடித்திருக்கிறது. ஸ்டியரிங் பின்னால் இருக்கும் பேடிலைத் தட்டி ரீஜெனைக் (காலை எடுத்ததும் மோட்டாரே வேகத்தைக் குறைத்து பேட்டரிக்குக் கொஞ்சம் சார்ஜ் ஏற்றுவது) கூட்டிக் குறைக்கலாம். டவுன் நெரிசலில் பிரேக்கில் கால் வைக்கிற வேலையே குறைவு.

முந்துகிற சுகம் வேண்டுமென்றால் எக்ஸ்யூவிதான், சந்தேகமே இல்லை. தினமும் பிள்ளைகளைப் பள்ளியில் விடுகிற எனக்கு என் வண்டி போதும்.

அத்தான் சாவியைத் திருப்பி வாங்கியதும் முதலில் பார்த்தது சார்ஜ் எத்தனை சதவீதம் மிச்சம் என்றுதான்.