58,000 ரூபா போய்விட்டது: மொட் செய்த ஓவர்டிரைவ் பெடல் வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

58,000 ரூபா. இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது. அதில் பாதி போன சீசனில் உப்புவெளி ஹோட்டல்களில் வாசித்துச் சேர்த்த காசு, மீதி அக்கா தந்தது. அந்தக் காசு இனித் திரும்பி வராது என்று முந்தாநாள்தான் உறுதியாகத் தெரிந்தது. இன்று காலை பார்த்தால், எனக்குக் காட்டிய அதே வீடியோவை வேறொரு பெயரில் போட்டு இன்னொரு ஓவர்டிரைவ் பெடலை, அதாவது கிட்டாருக்கும் அம்புக்கும் (அம்பிளிஃபயர்) நடுவில் பூட்டிக் காலால் மிதித்துச் சத்தத்தைக் கரகரப்பாக்குகிற சின்னப் பெட்டியை, விற்கிறார்கள். விலையும் அதே 58,000. அதனால்தான் ஆறப்போடாமல் எழுதுகிறேன். திருமலையிலோ மட்டக்களப்பிலோ யாழ்ப்பாணத்திலோ கிட்டார் வாசிக்கிற யாரோ ஒரு பெடியன் இந்த நிமிடம் அந்த விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். தயவுசெய்து காசு போடாதே தம்பி.

செயலியின் பெயரை எழுதவில்லை. பழைய சாமான் வாங்க, விற்க எல்லோரும் போகிற செயலிகளில் ஒன்று. விற்றவர் கொழும்பில் இருந்துகொண்டு, பெடல் திருத்துகிறேன், மொட் பண்ணித் (உள்ளே இருக்கும் பாகங்களை மாற்றித்) தருகிறேன் என்று விளம்பரம் போடுகிறவர்.

எனக்கு ஏன் இந்தப் பெடல் தேவைப்பட்டது என்று சொல்ல வேண்டும். எங்கள் குழுவில் ஐந்து பேர். கல்யாண வீடு, கோயில் திருவிழா, வைகாசிக்குப் பிறகு கடல் அமைதியானதும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஹோட்டல் மேடை. கீபோர்ட் ஒரு பக்கம், பேஸ் கிட்டார் ஒரு பக்கம், பட்டன் தட்டினால் மேளம். இதற்கு நடுவில் என் கிட்டார் எங்கே போகிறது என்றே தெரியாது. சத்தத்தைக் கூட்டினால் காது வலிக்கும், குறைத்தால் காணாமல் போய்விடும். டியூப் ஸ்க்ரீமர் வகைப் பெடல் இதற்குத்தான் சரியான மருந்து. அதன் உள்ளே ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோஃபராட் கெப்பாசிட்டரும் சேர்ந்து, ஏறத்தாழ 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தொனியைக் குறைவாகவே பெருக்க விடும். மேலே உள்ள கூர்மையையும் அடுத்த கட்டம் கொஞ்சம் மழுக்கிவிடும். நடுத்தொனி மட்டும் தூக்கலாக வெளியே வரும். பேஸ் கிட்டாரோடு மோதாமல், கீபோர்டுக்கு மேலே கிட்டார் தனியாகக் கேட்கும். டிரைவை, அதாவது கரகரப்பைக் குறைத்து, லெவலை, அதாவது வெளியே வரும் சத்தத்தைக் கூட்டி வைத்தால் எங்களைப் போன்ற சிறிய குழுவுக்கு அது போதும்.

பொஸ் எஸ்டி-1 வாங்கலாமா என்றும் யோசித்தேன். 1981இல் வந்தது, இதற்குக் கிட்டத்தட்டச் சகோதரம். இந்தப் பெடல்களில் டயோட்கள்தான் சத்த அலையின் உச்சியை வெட்டிக் கரகரப்பைத் தருபவை; எஸ்டி-1இல் ஒரு பக்க அலையை ஒரு டயோடும் மறுபக்கத்தை இரண்டு டயோடும் வெட்டுவதால் சத்தத்தில் கொஞ்சம் சொரசொரப்புக் கூட இருக்கும். பொஸ்ஸின் இன்னொரு பெடலான புளூஸ் டிரைவரும் நல்லது, ஆனால் அடித்தொனியை இவ்வளவு குறைக்காது. எங்கள் மேடைக்கு அது சரிவராது என்று விட்டேன். எஸ்டி-1ஐயே வாங்கியிருந்தால் இன்றைக்கு இந்தப் பதிவு இல்லை.

விளம்பரத்தில் இருந்தது பச்சை நிற ஐபனெஸ் டிஎஸ்9, டியூப் ஸ்க்ரீமர் பெடல்களில் ஒன்று. "808 மொட் செய்தது, ஜப்பான் 4558 சிப், டயோட் மாற்றும் சுவிட்ச் பூட்டியது." அதாவது பழைய டிஎஸ்808 மாதிரிச் சத்தம் வர மாற்றியது, சத்தத்தைப் பெருக்கும் சிப் ஜப்பானுடையது, சாதாரண சிலிக்கன் டயோடில் இருந்து எல்ஈடிக்கு மாற்றச் சுவிட்ச் உண்டு என்று அர்த்தம். பக்கவாட்டில் ஒரு சிறிய வெள்ளிச் சுவிட்ச். கீழே, டியூப் ஸ்க்ரீமர் வைத்து வாசித்த புளூஸ் கிட்டார் மேதை ஸ்டீவி ரே வோனின் படம். 58,000 ரூபா.

உடனே நம்பவில்லை. இரண்டு கிழமை யோசித்தேன். பிறகு வட்ஸ்அப்பில் கேட்டேன், அவரே அழைப்பு எடுத்தார். ஒரு மணித்தியாலம் கதைத்தார். டிஎஸ்808 எழுபதுகளின் கடைசியில் வந்தது, டிஎஸ்9 1982இல் வந்தது, சில டிஎஸ்9களில் தொஷிபா சிப் இருந்தது, பழைய சத்தத்துக்காக அதை மாற்றி 4558 போடுவார்கள் என்று எல்லாம் சரியாகச் சொன்னார். எனக்கும் இவை தெரியும். தெரிந்த விஷயத்தையே அவர் வாயால் கேட்டபோது, இவர் வேலை தெரிந்த மனுஷன் என்ற எண்ணம் வந்துவிட்டது. கதையின் நடுவில் நான் திருமலை என்று சொன்னேன்.

"அட, நானும் திருமலைதான் தம்பி! பத்திரகாளி அம்மன் கோயிலடியிலதான் வளர்ந்தனான். சின்ன வயசில கோணேசர் கோயிலுக்கு நடந்தே போவம். ஊர்ப் பெடியனிட்ட நான் பொய் சொல்லுவனா?"

அந்த இடத்தில்தான் விழுந்தேன். அதுவரைக்கும் நான் கேட்க வைத்திருந்த கேள்விகள் கையில் எழுதியபடியே இருந்தன. உள்ளே திறந்து ஒரு படம் அனுப்புங்கள் என்று கேட்க இருந்தேன். கேட்கவில்லை. ஊர்க்காரர், அண்ணன் மாதிரிக் கதைக்கிறார், அவரிடம் போய்ச் சந்தேகப்படுவது மாதிரி இருக்கும் என்று கூச்சப்பட்டு விட்டுவிட்டேன். மறுநாள் காலை வங்கி திறந்ததும் போய் 58,000 ரூபாவையும் போட்டேன். சிலிப்பைப் படம் எடுத்து அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் கைகூப்பும் படம் வந்தது.

பெடல் வந்தது. பொதி செய்த விதம் குறை சொல்ல முடியாது, வடிவாகச் சுற்றியிருந்தார். வீட்டில் போட்டுப் பார்த்தேன். வேலை செய்தது. கொஞ்சம் இரைச்சல் இருந்தது, அதைப் பெரிதாக எடுக்கவில்லை. சுவிட்சை மேலும் கீழும் தட்டினேன், வித்தியாசம் தெரியவில்லை. என் அம்ப் சின்னது, மேடையில் தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை நிலாவெளியில் ஒரு கல்யாண வரவேற்பு. மூன்றாவது பாட்டில் தனி வாசிப்புக்கு பெடலை மிதித்தேன். கரகரவென்று இரண்டு முறை வெடித்தது, பிறகு சத்தமே இல்லை. மணமக்கள் முன்னால், இருநூறு பேர் முன்னால், நான் குனிந்து வயரை ஆட்டிக்கொண்டிருந்தேன். கீபோர்ட் வாசிக்கிற தம்பி என் பகுதியையும் சேர்த்து வாசித்துச் சமாளித்தான். அன்றைக்குக் குழுவுக்கு வந்த அவமானத்துக்கு யார் விலை சொல்வது?

திங்கட்கிழமை பெடலை எங்கள் பகுதியில் ரேடியோ, டீவி திருத்துகிற அண்ணனிடம் கொண்டுபோனேன். அவருக்கு கிட்டார் பெடல் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் நாற்பது வருடமாகப் பற்றாசு பிடிக்கிற கை. அடித்தட்டைக் கழற்றிப் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். முதலில் சொன்னது இதுதான்: "தம்பி, இந்தச் சுவிட்சுக்கு வயரே இல்லை."

உண்மையிலேயே இல்லை. பெட்டியில் ஓட்டை போட்டு, சுவிட்சை நுழைத்து, உள்ளே பசை ஊற்றி ஒட்டியிருந்தார்கள். மூன்று கால்களும் சும்மா நின்றன. டயோட் இரண்டும் தொழிற்சாலையில் பூட்டிய பழைய சிலிக்கன் டயோட்கள்தான், யாரும் தொடவே இல்லை.

பிறகு நான் 808 மொட்டைத் தேடினேன். டிஎஸ்9க்கும் டிஎஸ்808க்கும் உள்ள முக்கிய வித்தியாசம் வெளியேறும் இடத்தில் இருக்கும் இரண்டே இரண்டு ரெசிஸ்டர்கள்தான். டிஎஸ்9இல் 470 ஓம், 100 கிலோ ஓம். 808இல் 100 ஓம், 10 கிலோ ஓம். நிறக்கோடுகளைப் பார்த்தாலே தெரியும். மாற்றியிருந்தால் ஒன்றில் பழுப்பு, கறுப்பு, பழுப்பு, மற்றதில் பழுப்பு, கறுப்பு, செம்மஞ்சள் இருக்க வேண்டும். நான் பார்த்தது மஞ்சள், ஊதா, பழுப்பு. அடுத்தது பழுப்பு, கறுப்பு, மஞ்சள். அதாவது 470, 100 கிலோ. சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் இரண்டு ரெசிஸ்டரைக்கூட மாற்றாமல் என்னிடம் 58,000 ரூபா வாங்கியிருக்கிறார்.

ஒன்றே ஒன்றைத்தான் தொட்டிருந்தார், சிப்பை. அதைக் கழற்றும்போது சூடு கூடி, போர்டின் செப்புக் கோடு இரண்டு இடத்தில் உரிந்து வந்திருக்கிறது. அதை மறைக்க ஒரு மெல்லிய வயரைப் போட்டு அரைகுறையாகப் பற்றாசு பிடித்திருந்தார். மேடையில் விட்டுப்போனது அந்த இடம்தான். புதிதாகப் போட்ட சிப்பின் மேல் இருந்த எண்ணைச் சுரண்டியிருந்தார்கள். ஜப்பான் 4558 என்றால் எண்ணை ஏன் சுரண்ட வேண்டும்?

அன்று மாலையே படங்களை அனுப்பினேன். அதன் பிறகு வந்த மறுமொழிகளை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் உங்களுக்கும் இதைத்தான் சொல்வார்கள்.

முதல் நாள்: "தம்பி, புது சிப் பழக வேணும். ஒரு கிழமை தொடர்ந்து வாசியும், சரியாகும்." சிப் பழகுவதற்கும் வயர் இல்லாத சுவிட்சுக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாம் நாள்: "உம்மட அம்ப் வால்வ் இல்லைத்தானே, அதுதான் வித்தியாசம் விளங்கயில்ல."

மூன்றாம் நாள்: "திருமலையில உப்புக் காத்து. கரல் பிடிச்சிருக்கும்." பெடல் என் கைக்கு வந்து அப்போது எட்டு நாள். எட்டு நாளில் உப்புக்காற்று வந்து ரெசிஸ்டரின் நிறக்கோட்டை மாற்றுமா?

நான்காம் நாள் தான் ஒரு செத்த வீட்டில் நிற்பதாகச் சொன்னார். அதைக் கேட்டு நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு இரண்டு நாள் பொறுத்தேன். அந்த இரண்டு நாளில் அவர் விளம்பரத்தை அழித்தார். ஏழாம் நாள் என் இலக்கத்தைத் தடை செய்துவிட்டார். அக்காவின் தொலைபேசியில் இருந்து எடுத்தேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டார். பத்திரகாளி அம்மன் கோயிலடியில் இரண்டு பெரியவர்களிடம் விசாரித்தேன், அப்படி ஒருவரை யாருக்கும் தெரியாது. அந்த அம்மன் பெயரை இதற்கு இழுத்ததுதான் எனக்குக் காசைவிடக் கூட எரிகிறது.

செயலிக்காரர்களுக்கு எழுதினேன். "நாங்கள் விளம்பரம் மட்டுமே வெளியிடுகிறோம், கொடுக்கல் வாங்கலுக்குப் பொறுப்பில்லை" என்று தானியங்கி மறுமொழி. திரும்ப எழுதினேன், அதே வரி. மூன்றாவது முறை சிலிப், படங்கள், உரையாடல் எல்லாம் இணைத்து அனுப்பினேன், அதே வரி. வங்கியில், நீங்களாகவே போட்ட காசு, அவர் சம்மதம் இல்லாமல் திருப்ப முடியாது என்றார்கள். பொலிசில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன்.

அண்ணன் பெடலைத் திருத்தித் தந்தார். உரிந்த இடத்துக்கு ஒழுங்காக வயர் போட்டு, எட்டுக் கால் சொக்கெட் ஒன்று பூட்டி, தன் லாச்சியில் கிடந்த 4558 ஒன்றைச் செருகி, அந்த இரண்டு ரெசிஸ்டரையும் மாற்றினார். எல்லாவற்றுக்கும் சேர்த்து 1,200 ரூபா எடுத்தார், அதுவும் நான் வற்புறுத்தியதால். இப்போது என்னிடம் இருப்பது உண்மையான 808 மொட். கண்ணை மூடிக் கேட்டால் முந்தியதற்கும் இதற்கும் மயிரிழை வித்தியாசம். மேடையில் அதுவும் தெரியாது. இந்த மயிரிழைக்குத்தான் ஆயிரக்கணக்கில் கூட்டி விற்கிறார்கள். மொட் செய்யாத சாதாரணப் பெடலை வாங்குங்கள், உங்களுக்கு அதுவே போதும்.

எதை எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். உப்புவெளிக்கு வெளிக்கிட நேரமாகிவிட்டது, அவசரமானதை மட்டும் சொல்கிறேன்.

காசு போட முதல் அடித்தட்டைக் கழற்றி உள்ளே படம் கேளுங்கள். பக்கத்தில் அன்றைய திகதியை எழுதி வைத்து எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள், ஊர்க்காரர் என்றாலும் சரி.

டயோட் சுவிட்ச் இருந்தால், வாசிக்கும்போதே அதைத் தட்டிக் காட்டச் சொல்லுங்கள். சிலிக்கன் டயோட் 0.6 வோல்ட் அளவில் வெட்டும், சிவப்பு எல்ஈடி 1.7 வோல்ட் அளவில்தான் வெட்டும். அதனால் எல்ஈடிக்கு மாறியதும் சத்தம் கூடியே ஆக வேண்டும், நெரிசலும் (சத்தம் அமுங்கிக் கேட்பது) குறையும். எனக்கு அனுப்பிய வீடியோவில் சத்தம் கூடவே இல்லை. தொலைபேசி மைக்தான் சமப்படுத்துகிறது என்று நினைத்தேன்.

முழுக் காசையும் முன்கூட்டிப் போடாதீர்கள். கொழும்பில் தெரிந்த ஒருவரை அனுப்பி, வாசித்துப் பார்த்துக் கையில் காசு கொடுக்கச் சொல்லுங்கள். அப்படி ஒருவர் இல்லையென்றால், பொதியைத் தரும்போது காசு வாங்குகிற குரியரில் மட்டும் எடுங்கள். திறந்து பார்க்க விடுவார்களா என்று முதலே கேளுங்கள்.

கூடவே இலவசமாக அடப்டர் தந்தால் அதை உடனே செருகாதீர்கள். இந்தப் பெடல்களுக்கு 9 வோல்ட், நடுவில் மறை. எனக்கு வந்த அடப்டரில் நடுவில் நேர் இருந்தது, அண்ணன் மீட்டர் வைத்துப் பார்த்துச் சொன்னார். நல்லவேளை நான் பற்றரியில்தான் வாசித்தேன்.

இன்று காலை நான் கண்ட அந்தப் புது விளம்பரம் இன்னும் இருக்கிறது. பச்சைப் பெடல், பக்கத்தில் வெள்ளிச் சுவிட்ச், பின்னால் நீலத் திரைச்சீலை, 58,000 ரூபா. கண்டால் முறைப்பாட்டுப் பட்டனை அழுத்துங்கள். ஏற்கெனவே இவரிடம் காசு போட்டவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள், சிலிப் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு பொலிசுக்கு ஒன்றாகப் போவோம்.