கிறீச்சிடும் கிரிப்பர்: விலை குறைந்திருக்கிறது, வாங்கலாமா?

அக்கா மகன் பெருந்துறையில் தங்கிப் படிக்கிறான். நேற்று வாட்ஸாப்பில் ஒரு படத்தை அனுப்பி, "மாமா, நீங்க வச்சிருக்கிற அதே கிரிப்பருங்க. பாதி விலைக்கும் கீழ வந்துருச்சு. வாங்கட்டுங்களா? ஆறு இஞ்ச் ஆணியைக் கையால வளைச்சுப் பழகோணும்" என்று கேட்டிருந்தான். கிரிப்பர் என்றால் பிடி பலமாக ஒரு கையில் வைத்து அமுக்கி அமுக்கி விடுகிற ஸ்பிரிங் கருவி. பெரிதாக்கிப் பார்த்தேன், அதேதான். அலுமினியக் கைப்பிடி, தடித்த சுருள் ஸ்பிரிங், "150 கிலோ" என்று பொறித்த எழுத்து, எல்லாம் அப்படியே. வருஷக்கணக்கில் அதை அமுக்கிக்கொண்டிருக்கிறவன் என்பதால் வாங்கு, வாங்காதே என்று ஒரே வார்த்தையில் பதில் போட வரவில்லை. அளவு, எடை, நிறமெல்லாம் விற்கிற பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே போடாத விஷயம் ஒன்று இருக்கிறது: சத்தம்.

புதிதில் சத்தமே இருக்காது. வாங்கின வாரத்திலேயே ஐந்து நட்சத்திரம் போடுகிறவர்கள் எல்லாம் அந்த நேரத்து ஆட்கள். ஒரு மழைக்காலம் தாண்டட்டும். அதற்கப்புறம் அமுக்கும்போது ஒரு கிறீச், விடும்போது அதைவிட நீளமாக இன்னொரு கிறீச். எண்ணெய் காணாத கிணற்று உருளையைப் பக்கத்து அறையில் யாரோ இழுக்கிற மாதிரி இருக்கும். கைப்பயிற்சிக்கு வசதியான நேரமே ராத்திரி சாப்பிட்டு உட்கார்ந்திருக்கும் நேரம்தான். எங்கள் வீட்டில் அந்த நேரத்தில் எனக்கு அனுமதி இல்லை. மொட்டை மாடிக்குப் போனால் எதிர்வீட்டு நாய் குரைக்கிறது.

கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிற கூட்டாளியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ரெண்டு தடவை அமுக்கிப் பார்த்தவர், "ஏனுங்க, இது கெட்டுப்போன சத்தமில்லைங்க. மூடும்போது சுருள் இன்னும் இறுகுது, ஒரு சுத்து பக்கத்துச் சுத்தோட ஒரசுது, அவ்வளவுதான்" என்றார். கம்பி கைப்பிடிக்குள் இறங்கும் துளையிலும் உரசல் உண்டாம். எது கத்துகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழியும் சொன்னார்: முதலில் துளையோரம் மட்டும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு அமுக்கிப் பார்க்க வேண்டும். சத்தம் அப்படியே இருந்தால் குற்றவாளி சுருள். எனக்குச் சுருள்தான்.

திருப்பூரில் தையல் மிஷின் எண்ணெய்க்குப் பஞ்சமா? சுருளுக்குள் ஒரு சொட்டு விட்டால் சத்தம் அந்த நிமிஷமே நின்றுவிடும். அந்த அமைதியில் கிரிப்பரை அமுக்குவது ஒரு தனிச் சுகம், அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த எண்ணெய் மெல்லியது. சில நாளில் சுருளை விட்டு இறங்கிக் கைப்பிடிக்கு வந்துவிடும். பிடி வழுக்கக்கூடாது என்று லேத்தில் நர்லிங் போட்டிருப்பார்களே, அந்தச் சொரசொரப்பின் பள்ளமெல்லாம் கறுப்பாக எண்ணெய் தேங்கும். உள்ளங்கை வழுக்கும். அதோடு விட்டதா? எங்கள் வீட்டில் பனியன் பீஸ் வாங்கி வந்து பிசிறு வெட்டி மடித்துக் கொடுக்கிறார்கள். கட்டிலில் அடுக்கியிருந்த வெள்ளைப் பீஸ் ஒன்றில் என் கட்டைவிரல் ரேகை வரிவரியாக விழுந்திருந்தது. இந்த ஊரில் வெள்ளை பனியனில் எண்ணெய்க் கறை என்றால் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, கிரீஸ் வைக்கலாம் என்று வைத்தால் அது இறங்காமல் நிற்கத்தான் செய்தது. ஆனால் காற்றில் பறக்கிற பஞ்சுத் தூசி முழுக்க அதில் வந்து ஒட்டி, சுருள் இடுக்கில் கறுத்த மாவாகத் திரண்டு, அதைக் குத்தி எடுக்கவே ஒரு ஊசி வேண்டியிருந்தது. ஓரளவு சரிப்பட்டது பூட்டுக்குப் போடுகிற கிராபைட் தூள். மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகக் காயவைத்து, தூளைச் சுருளுக்குள் தட்டி, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் பரப்பிவிட வேண்டும். விரல் கறுக்கும், பஞ்சு ஒட்டாது. அதிகநாள் தாங்கியது இதுதான். ஆனாலும் நிரந்தரத் தீர்வு இல்லை. ஈரக்காற்று அடித்தால் மறுபடி ஆரம்பித்துவிடும்.

அந்த "150 கிலோ" பற்றி ஒரு வார்த்தை. ஒரு கைப்பிடியைப் பட்டறை மேஜையில் இரும்பை இறுக்கிப் பிடிக்கிற வைஸில் கடித்து நிறுத்தி, இன்னொன்றின் நுனியில் பட்டையைப் போட்டு, ரெண்டும் தொட்டுக்கொள்ளும்வரை எடை தொங்கவிட்டால் கிரிப்பரின் உண்மையான பலம் தெரியும். அதே பட்டறையில் எடைக்கல் தொங்கவிட்டுப் பார்த்தோம். எழுதியிருந்ததில் பாதியை எட்டும் முன்பே மூடிக்கொண்டது. கூட்டாளி சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிரிப்பர் உலகில் பேர்போன கேப்டன்ஸ் ஆஃப் கிரஷ் வரிசையில் 1-ஆம் எண்ணுக்கு 140 பவுண்டு, 2-க்கு 195, 3-க்கு 280, 4-க்கு 365 என்று அயர்ன்மைண்ட் நிறுவனம் போட்டிருக்கிறது. 3-ஐ அந்த நிறுவனத்தின் அங்கீகாரத்துக்காக மூட வேண்டுமானால், அமுக்குவதற்கு முன் கைப்பிடி நுனிகளுக்கு நடுவே ஏடிஎம் அட்டையின் அகலத்துக்காவது இடைவெளி இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. 4-ஆம் எண்ணை மூடி முதலில் அங்கீகாரம் வாங்கியவர் ஜோ கின்னி, 1998-ல். 280 பவுண்டு என்றால் சுமார் 127 கிலோ. அதைவிடக் கடினமானதை வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து மூடிக்கொண்டிருந்ததாக என் கிரிப்பர் என்னை நம்பச் சொல்கிறது!

இனி ஆணிக்கு வருவோம், பையன் கேட்டதே அதுதானே. கிரிப்பர் அமுக்கினால் ஆணி வளையும் என்பது பாதிதான் உண்மை. கிரிப்பர் பழக்குவது விரல்களை உள்ளங்கைக்கு மடக்குகிற பலத்தை. ஆணி வளைப்பில் பெரும்பாடு மணிக்கட்டுக்கு, அப்புறம் நெஞ்சுக்கும் தோளுக்கும். ஆணியின் ரெண்டு முனையிலும் தடித்த துணியோ தோலோ இறுக்கிச் சுற்றி, தாடைக்குக் கீழே பிடித்து, முழங்கையை விரித்து, ரெண்டு முஷ்டியையும் கீழ்நோக்கி முறுக்க வேண்டும். முதல் நெளிவு விழுவதுதான் கஷ்டம். விழுந்துவிட்டால் அடுத்து ஒரு மூச்சில் செங்கோணத்துக்கு வந்துவிடும். கடைசியில் ரெண்டு முனையையும் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து நெரித்துச் சேர்க்க வேண்டும். முடித்த கையோடு வளைவைத் தொட்டுப் பாருங்கள், சுடும். அடுப்பில்லாமல் இரும்பைச் சூடாக்கியிருக்கிறோம் என்பதில் எனக்கு இன்னும் ஒரு குழந்தைத்தனமான சந்தோஷம் உண்டு.

கனம் கூடக்கூட வேலை எப்படி ஏறுகிறது என்பதைப் பையன் கணக்குப் போட்டே பார்க்கலாம், படிப்பது இன்ஜினியரிங்தானே. ஒரே இரும்பாக இருந்தால், வளைக்கத் தேவையான பலம் விட்டத்தின் மும்மடியாக, அதாவது விட்டத்தை மூன்று தடவை பெருக்கின கணக்கில் ஏறும். 6 மில்லிமீட்டரிலிருந்து 8-க்குப் போனால் ரெண்டேகால் மடங்குக்கு மேல். வளைத்துக் காட்டுவதற்கென்றே அயர்ன்மைண்ட் விற்கிற பெயர்பெற்ற கம்பி 'ரெட் நெயில்' 7 அங்குல நீளம், 5/16 அங்குலக் கனம். நம் ஊரில் சிலாப் கட்டுகிற 8 எம்எம் கம்பியின் கனம், ஆனால் ஒரு சாண் நீளத்துக்கும் கொஞ்சம் குறைவு. நீளம் குறையக் குறைய நெம்புகோலும் குறையும், கை இன்னும் திணறும். இரும்புக் கடையில் கிலோவுக்கு நிறுத்துத் தரும் ஆணியில் வேறொரு தொல்லை: ஒரு மூட்டை வெண்ணெயாக வளையும், அடுத்த மூட்டை அசையாது. ஒரே கடையில் கொஞ்சம் அதிகமாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். துணி மெல்லியதாக இருந்தால் ஆணிமுனை உள்ளங்கையைத் துளைத்துவிடும்.

மணிக்கட்டுக்கு என்ன செய்வது என்றால், சம்மட்டி. காம்பின் அடியைப் பிடித்துக் கையை நீட்டி, தலைப்பக்கத்தை மெதுவாகச் சாய்த்து மெதுவாக நிமிர்த்த வேண்டும். 'மைட்டி ஆட்டம்' என்று பெயர் வாங்கிய பலசாலி ஜோ கிரீன்ஸ்டைனின் சீடர் ஸ்லிம் ஃபார்மன் இந்தச் சம்மட்டி வித்தையால்தான் 'ஹேமர் மேன்' ஆனார். சம்மட்டிக்குச் சுருளும் இல்லை, கிறீச்சும் இல்லை.

சங்கிலி அறுப்பது வேறு கதை. நோம்பித் திருவிழாக் கூட்டத்தில் பலசாலிகள் செய்வதைப் பார்க்கும்போது எல்லாம் கையில் நடக்கிற மாதிரி இருக்கும். ஆந்திரத்தின் கோடி ராமமூர்த்தி நாயுடு உடம்பைச் சுற்றிக் கட்டிய சங்கிலியை அறுத்து நாடெங்கும் பேர் வாங்கியவர். அங்கே நெஞ்சும் முதுகும்தான் வேலை செய்கின்றன. கையால் இழுக்கும்போதும் முதுகுதான் இழுக்கிறது, விரல்கள் விடாமல் பிடித்திருந்தால் போதும். அந்தப் பிடியில் மட்டும் கிரிப்பர் எனக்கு உண்மையாகவே உதவியது. சும்மா முறுக்கி மாட்டிய வளையங்கள் திறந்துகொள்ளும், பற்றவைத்தவை பெரும்பாலும் பற்றிலேயே விடும். ருஷ்யப் பலசாலி அலெக்சாண்டர் சாஸ் சங்கிலியை அறுக்காமலே முழு மூச்சோடு இழுத்துப் பிடித்து நிற்பதைத்தான் பயிற்சியாகச் சொல்லிக்கொடுத்தார். நம் கட்டுத்தாரையில் மாடு கட்டுகிற சங்கிலியே அதற்குப் போதும், மாட்டை அவிழ்த்துவிட்ட பிறகு.

காங்கேயத்துப் பக்கம் அப்புச்சி, அம்மாவின் அப்பா, இந்த வயசிலும் கையால்தான் பால் கறக்கிறார். விளையாட்டாகக் கிரிப்பரைக் கொடுத்தேன். மூடவில்லை. ஆனால் வாங்கின புதிதில் நான் கொண்டுவந்த தூரத்தைவிட அதிகம் கொண்டுவந்துவிட்டு, "சத்தம் போடுதே, எண்ணெய் விடக் கூடாதா சாமி?" என்றார்.

இன்னொன்று, இதில் கோபமில்லாமல் சொல்கிறேன். விரல் மடக்கும் தசை முன்கையில் இருக்கிறது; தசை சீக்கிரம் தேறும், தசைநார் மெதுவாகத்தான் தேறும். தினமும் முழுப் பலத்தோடு அமுக்கினால் முழங்கையின் உட்பக்கம் வலிக்க ஆரம்பிக்கும், அப்புறம் லோட்டா தூக்கினாலும் தெரியும். வாரத்தில் ரெண்டு மூன்று நாள் போதும். மற்ற நாளில் விரல்களை வெளிப்பக்கம் விரித்துப் பழக வேண்டும். ரப்பர் பேண்ட் வாங்கக்கூட வேண்டாம். ஜட்டி இடுப்புக்குத் தைக்கிற எலாஸ்டிக்கில் ஒரு சாண் வெட்டி வளையமாகத் தைத்து, ஐந்து விரலுக்கும் மாட்டி விரித்தால் ஆயிற்று.

ஆக மாப்ளே, ஆணிக்காக என்றால் வாங்காதே, அந்தக் காசில் ஆணியும் சம்மட்டியும் வாங்கு. எழுதியிருக்கிற எடை பொய். சத்தம் ஹாஸ்டலில் உன்னைத் துரத்திவிடும். ஆனால் என் கை இவ்வளவு இறுகியது இந்தச் சனியனால்தான், கம்பி இன்றுவரை துளிகூடத் தளரவில்லை, இந்த விலைக்கு இவ்வளவு உழைக்கிற சாமான் வேறு எனக்குத் தெரியவில்லை. போன வாரம் கிராபைட் போட்டிருந்தபோது கேட்டிருந்தால் நாலு நட்சத்திரம் கொடுத்திருப்பேன். நேற்று ராத்திரி மறுபடி கத்த ஆரம்பித்துவிட்டது, அதனால் ரெண்டு. எப்படியும் நீ வாங்கத்தான் போகிறாய். ஆர்டர் போடும்போது ஹாஸ்டல் விலாசத்தையே கொடு. பார்சல் இங்கே வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று உன் அத்தை சொல்லிவிட்டாள்.