கே.கே. நகர் மாடி கிளினிக்: டோக்கனுக்குக் காத்திருக்கலாம்

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் எனக்குக் கமிஷன் கடை. விடிகாலை 3 மணிக்குக் கடையில் இருக்கணும் என்பதால், ராத்திரி எட்டரைக்குத் தோசையைத் தின்ற கையோடு படுத்துவிடுவேன். 1 மணிக்குப் புளிச்ச தண்ணி தொண்டைவரை எதுக்களித்து எழுப்பிவிடும். நாலு வருஷம் இதே கதை. மூக்கில் மல்லி வாசம், தொண்டையில் புளிப்பு. மாரடைப்போ என்று பயந்து இசிஜி எடுத்தேன், ஒன்றுமில்லை. அப்புறம் மெடிக்கலில் நானாகவே பான்டோபிரசோல் என்கிற, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மைத்துனர் சொல்லித்தான் கே.கே. நகர் மாடியில் இருக்கும் இந்த வயிற்று டாக்டரிடம் போனேன். முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் கிடையாது. சாயங்காலம் 5 மணிக்குப் போய் 23-ம் டோக்கன் வாங்கினேன், கூப்பிடும்போது 7.40. நான் தூங்கப் போகிற நேரம்!

உள்ளே போனபின் அவசரப்படுத்தவில்லை. சாப்பாடு தொண்டையில் சிக்குதா, எடை குறைஞ்சதா, மலம் கறுப்பா போகுதா என்று விசாரித்தார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். இருந்தாலும் வயசு 54, நாலு வருஷத் தொந்தரவு என்பதால் எண்டோஸ்கோப்பி, அதாவது வாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பார்த்துவிடலாம் என்றார்.

மறுநாள் வெறும் வயிற்றோடு போனேன். தொண்டையில் கசப்பாக ஒரு ஸ்பிரே அடித்தார்கள், நாக்கு மரத்துப் போனது. வாயில் ஒரு பிளாஸ்டிக் வளையம். இடப்பக்கம் சாய்ந்து, எச்சில் துண்டில் வழிய ஓங்கரித்துக்கொண்டே கிடந்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. உணவுக்குழாயின் அடியில் புண், கிரேடு பி, அதாவது நாலு படியில் இரண்டாவது. இரைப்பைக்கு மேலே இருக்கும் வால்வு சரியாக மூடவில்லையாம்.

"அண்ணாச்சி, மாத்திரையை எப்போ போடுவீங்க?" என்றார்.

"டிபன் முடிச்சு, சார்."

அங்கேதான் விஷயம். சாப்பிடும்போதுதான் அமிலம் சுரக்கிற பம்புகள் வேலையில் இறங்குமாம். அந்த நேரத்துக்கு மருந்து ரத்தத்தில் தயாராக இருக்கணும். தொட்டி நிரம்பி வழிந்த பிறகு மோட்டாரை அணைத்து என்ன பிரயோசனம்? எனக்கு முதல் சாப்பாடு நாலரை மணி இட்லி. அதனால் 4 மணிக்கு மாத்திரை, 40 மில்லிகிராம், 8 வாரம். மாத்திரை அதேதான், மாறியது நேரம் மட்டும்.

ராத்திரிச் சாப்பாட்டை ஐந்தரைக்கு இழுத்தார். படுக்கைக்கும் சாப்பாட்டுக்கும் 3 மணி நேரம் இடைவெளி வேண்டுமாம். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வைக்கச் சொன்னார். "அதைத் தொடாதே, இதைத் தொடாதே" என்று நீளமான பட்டியல் தரவில்லை. எனக்கு எது கரிக்கிறதோ அதை விட்டால் போதும் என்றார். கறிக்குழம்பு தப்பித்தது, ராத்திரி டீ போனது.

மூன்றாம் வாரத்திலிருந்து 1 மணிக்கு முழிப்பு வரவில்லை. 8 வாரம் முடிந்து இப்போது 20 மில்லிகிராம். நடுவில் ஒரு கல்யாண வீட்டில் பத்து மணிக்குப் பந்தியில் உட்கார்ந்துவிட்டு வந்து படுத்தேன். பழைய புளிப்பு வந்து விசாரித்துவிட்டுப் போனது.

எனக்கு முழுத் திருப்தி. போகிறவர்கள் நாலரைக்கே போய் டோக்கன் போட்டுவிடுங்கள். கட்டில் சரிவில் என் பேரன் பொம்மைக் காரை உருட்டி விளையாடுகிறான், அதனால் செங்கல்லை எடுக்க வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள்.